துணி மூட்டையும் பெயர்ப் பட்டியலும்

பெருந்துறைக்கும் கடலுக்கும் சம்பந்தமே கிடையாது. கீழ்பவானி வாய்க்கால்ல இந்தப் போகத்துக்குத் தண்ணி விடுவாங்களா மாட்டாங்களாங்கறதுதான் எங்க பக்கத்தோட பெரிய நீர்ச் செய்தி. ஆனாலும் 2004 டிசம்பர் கடைசி வாரத்துல கடல் எங்க ஊருக்குள்ளயும் வந்துச்சு, டிவி வழியா. அடுத்த சில நாள்லயே ஒரு சர்ச் வளாகத்தில் துணி சேகரிக்க ஆரம்பிச்சாங்க. எந்த மதம்னு யாரும் பார்க்கல. நானும் போய் மூட்டை கட்டினேன். சென்னிமலை போர்வைகள் புதுசா வந்திருந்தது. கூடவே சாயம் போன சேலையும், பட்டன் இல்லாத சட்டையும், குழந்தைங்க போட்டுத் தேஞ்ச கவுனும் மலையாக் குவிஞ்சது. மூட்டை கட்ட வந்திருந்த ஒரு பெரியம்மா என்னைக் கேட்டாங்க: “ஏங்கண்ணு, இந்தக் கிழிஞ்ச பொடவைய நாம கட்டுவமா? அவிங்க மட்டும் கட்டுவாங்களா?”

அப்போ நான் பதில் சொல்லல. நாகப்பட்டினம் சாலையோரங்களில் பழந்துணி மலைமலையாகக் கிடந்த படங்கள் பிறகு பத்திரிகைகளில் வந்தன. நிவாரணமாகப் போன துணியை அள்ளி அப்புறப்படுத்துவதே அங்கே ஒரு வேலையாகிப் போனது. எங்க மூட்டையும் அதுல இருந்திருக்கும்னே நினைக்கிறேன்.

இந்தக் குறிப்பு அந்தப் பெரியம்மாவோட கேள்வியில இருந்து தொடங்குது. தமிழகக் கடற்கரையில் திருச்சபை செய்த நிவாரணத்தைப் பற்றி இரண்டு விதமான எழுத்துதான் அதிகம் கிடைக்கிறது. ஒன்று, இத்தனை வீடு, இத்தனை படகு, இத்தனை தையல் மெஷின் என்று அடுக்கும் நன்றி அறிக்கை. இன்னொன்று, நிவாரணம் என்ற பெயரில் மதம் மாற்றுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு. இரண்டுமே கொடுத்தவரைப் பற்றித்தான் பேசுகின்றன. வாங்கியவருக்கு எது உண்மையில் உதவியது என்று கேட்டால் பதில் வேறு இடத்தில் இருக்கிறது. என் கணிப்பில், 2004 சுனாமியிலிருந்து 2017 ஒக்கி புயல் வரை கடற்கரைத் திருச்சபை செய்த மிகப் பெரிய நிவாரணம் ஒரு பொருளே அல்ல. அது ஒரு பெயர்ப் பட்டியல். அதே பட்டியல்தான் அதனுடைய பெரிய குறைபாடும்.

பொருளை எண்ணிய காலம்

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். தமிழ்நாட்டில் இறந்தவர்கள் சுமார் 8,000 பேர். அதில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேல். கன்னியாகுமரி மாவட்டத்தில் சுமார் 800. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி போன்ற ஊர்களில் உடல்களை ஒன்றாகவே புதைத்தார்கள். அந்தக் கல்லறைகளில் இன்றும் ஒவ்வொரு டிசம்பர் 26 அன்றும் மெழுகுவர்த்தி எரிகிறது.

முதல் வாரத்தில் கோயில்களும் கோயில் பள்ளிக்கூடங்களும்தான் முகாம்கள். மேடான கட்டடம், பெரிய கூடம், கிணறு, சமைக்கப் பாத்திரம், கூப்பிட்டால் வர இளைஞர் கூட்டம் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தது அங்கேதான். இதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. அரசு வண்டி வர்றதுக்கு முன்னாடி கஞ்சி ஊத்தினவங்களை விமர்சிக்க எனக்கு வாய் வராது.

பிரச்சினை அதற்குப் பிறகு தொடங்கியது. உலகம் முழுவதிலிருந்தும் பணம் வந்தது. வந்த பணத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். கணக்குக் காட்ட எளிதான பொருள்கள் படகும் வீடும். ரெண்டையும் போட்டோ எடுக்கலாம், பெயர் எழுதலாம், கல்வெட்டு பதிக்கலாம். விளைவு என்னவென்றால், நாகை கடற்கரையில் பல ஊர்களில் சுனாமிக்கு முன்பு இருந்ததைவிட அதிகமான ஃபைபர் படகுகள் வந்து சேர்ந்தன. கட்டுமரத்தில் கூலிக்குப் போனவர் படகு உரிமையாளர் ஆனார். ஆனால் கடலில் மீன் கூடவில்லை. படகுக்கு ஆள் கிடைக்காத நிலையும் வந்தது. மீன் வாங்கித் தலைச்சுமையாக விற்ற பெண்களுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. அதனால் இழப்பீட்டுப் படிவத்தில் அவர்களுக்கு ஒரு கட்டமும் இல்லை.

இந்தத் தவறைத் திருச்சபை மட்டும் செய்யவில்லை. சேவை நிறுவனங்களும் அரசும் கம்பெனிகளும் செய்தன. ஆனால் கடற்கரையில் நானூறு வருஷத்துக்கு மேல் இருக்கும் ஓர் அமைப்பு, நேற்று விமானத்தில் வந்திறங்கிய நிறுவனத்தைப் போலவே நடந்துகொண்டது என்பதுதான் விமர்சனம். யார் வீட்டில் படகு இருந்தது, யார் வெறும் கூலி, எந்த விதவை மீன் விற்றுப் பிள்ளையைப் படிக்க வைக்கிறாள் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். தெரிந்தும், கொடுப்பவருடைய படிவத்தை நிரப்பியது.

ஆளை எண்ணிய காலம்

அதற்கு எப்படித் தெரியும் என்பதைக் கொஞ்சம் விளக்கணும். உள்நாட்டில் இருக்கும் நமக்குப் ‘பங்கு’ என்றால் ஞாயிற்றுக்கிழமை போய் வரும் கோயில். குமரிக் கடற்கரையில் பங்கு என்றால் ஊர். 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவரும், 1540-களில் பிரான்சிஸ் சவேரியார் காலத்தில் குமரியின் முக்குவரும் கத்தோலிக்கரானதிலிருந்து ஊர்ப் பஞ்சாயத்தும் கோயிலும் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிட்டன. பிடித்த மீனில் ஒரு பங்கு கோயிலுக்கு. சண்டை வந்தால் பங்குச்சாமியாரிடம் முறையீடு. திருமுழுக்கு, திருமணம், இறப்பு மூன்றும் கோயில் புத்தகத்தில். அதற்கு மேல் ‘அன்பியம்’ என்ற பெயரில் சில பத்துக் குடும்பங்களைச் சேர்த்த தெருக் குழுக்கள். ரேஷன் கடைக்குத் தெரியாததும் அன்பியத்துக்குத் தெரியும்.

2017 நவம்பர் 30. ஒக்கி புயல் குமரிக்குத் தெற்கே உருவாகி மேற்கே திரும்பியது. புயல் என்ற அறிவிப்பு அன்றைக்குத்தான் வந்தது. நீரோடியிலிருந்து இரையுமன்துறை வரை உள்ள எட்டு ஊர்கள், அதாவது தூத்தூர் வட்டாரத்து ஆட்கள், ஆழ்கடலில் வாரக்கணக்காகத் தங்கி மீன் பிடிப்பவர்கள். பலர் அறிவிப்புக்கு வெகு நாள் முன்பே கிளம்பிப் போயிருந்தார்கள். கரையில் என்ன எச்சரிக்கை விடுத்தாலும் அவர்கள் காதுக்கு எட்டாத தூரம்.

அடுத்த சில நாட்களில் ஒரு சாதாரணக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை: கடலில் எத்தனை பேர்?

இதைச் சிக்கலாக்கியது எல்லை. எட்டு ஊர்களும் தமிழ்நாட்டில். ஆனால் படகு கிளம்புவது பெரும்பாலும் கொச்சியிலிருந்து. புயலில் சிக்கி மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் கரையில் ஒதுங்கிய 68 படகுகளில் 952 பேர் இருந்ததாக அந்த மாநில முதலமைச்சர் அறிவித்தார். 66 கேரளப் படகுகள், 2 தமிழகப் படகுகள். படகு கேரளத்துடையது என்பதால் ஆளும் கேரளத்துக்காரர் என்று ஆகாது. சென்னையின் கணக்கில் அவர் இல்லை; திருவனந்தபுரத்தின் கணக்கிலும் சரியாக இல்லை.

இங்கேதான் கோயில் புத்தகம் வேலை செய்தது. தூத்தூர் வட்டாரப் பங்குகள் நிர்வாக முறையில் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. குளச்சல் பக்கத்துப் பங்குகள் கோட்டாறு மறைமாவட்டம். மாநில எல்லை 1956-இல் மாறியது. பங்கு எல்லை அதைப் பொருட்படுத்தவில்லை. வீடு வீடாகக் கேட்டுப் பெயர், படகு, கிளம்பிய துறைமுகம் என்று ஊர்வாரியாகப் பட்டியல் போட்டார்கள். அரசு முதலில் சொன்ன எண் சிறியது. பங்குகள் சொன்ன எண் பெரியது. லட்சத்தீவிலிருந்தும் குஜராத்திலிருந்தும் ஆட்கள் திரும்பி வரவர பங்குகள் தங்கள் பட்டியலில் பெயரை அடித்துக்கொண்டே வந்தன. அரசின் எண்ணோ நாளாக ஆகக் கூடிக்கொண்டே போனது. கடைசியில் இரண்டு மாநிலங்களிலும் சேர்த்து இறந்தவர்களும் திரும்பாதவர்களும் முந்நூறுக்கு மேல்.

டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானோர் சின்னத்துறையிலிருந்து நடந்து போய்க் குழித்துறை ரயில் நிலையத்தில் உட்கார்ந்தார்கள். இரவு வரை ரயில் ஓடவில்லை. அவங்க கேட்டது அரிசி இல்ல, துணி இல்ல. தேடுங்க, எண்ணுங்க என்றுதான். முதலமைச்சர் அங்கே வந்தது டிசம்பர் 12. பிரதமர் வந்தது டிசம்பர் 19.

எண்ணுவது ஏன் இவ்வளவு முக்கியம்? அப்போது நடப்பில் இருந்த சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவுப்படி ஒருவரைப் பற்றி ஏழு வருஷம் தகவல் இல்லையென்றால்தான் இறந்ததாகக் கொள்ள முடிந்தது. உடல் கிடைக்காத மீனவரின் மனைவி ஏழு வருஷம் விதவையும் இல்லை, சுமங்கலியும் இல்லை. வங்கிக் கடன் அவள் பெயருக்கு வரும், இழப்பீடு வராது. அந்தக் காத்திருப்பைத் தளர்த்தி, 20 லட்ச ரூபாய் இழப்பீட்டைக் காணாமல் போனவர் குடும்பங்களுக்கும் அரசுகள் கொடுத்தன. அப்படித் தளர்த்துவதற்கு முதல் தேவை, இன்னார் இன்ன படகில் இன்ன நாள் போனார் என்ற நம்பகமான சாட்சி. ஒரு பங்குப் பட்டியலில் இருந்த ஒரு வரி ஒரு குடும்பத்துக்கு 20 லட்சமாகவும், அதைவிட முக்கியமாக, அழுவதற்கான அனுமதியாகவும் மாறியது. நாங்க அனுப்பின எந்த லாரியும் அதைச் செய்திருக்காது.

புத்தகத்தில் இல்லாதவர்

இப்போ மறுபக்கம்.

பட்டியல் வலிமையாக இருப்பதற்குக் காரணம் அது உறுப்பினர் பட்டியல் என்பது. அதுவே வரம்பும். புத்தகத்தில் இருப்பவனுக்கு அது பாதுகாப்பு. இல்லாதவன் அதன் கண்ணில் படமாட்டான். ஆழ்கடல் படகுகளில் இன்று அசாம், வங்காளம், ஒடிசாவிலிருந்து வந்த கூலி ஆட்களும் ஏறுகிறார்கள். அவருக்கு எந்த அன்பியம்? எந்தப் பங்குச்சாமியார் அவர் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்பார்? அதே ஒக்கியில் குமரி மாவட்டத்தின் உள்பகுதியில் வாழையும் ரப்பரும் சாய்ந்தன. தோட்டத்தில் தினக்கூலிக்குப் போனவருக்கு இப்படிப் பட்டியல் போட்டு ரயில் மறிக்க ஆள் இருந்ததா?

சுனாமியில் இது இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. நாகைப் பக்கம் நிவாரணம் மீனவ ஊர்ப் பஞ்சாயத்து வழியாகப் போன இடங்களில் தலித் குடும்பங்கள் முகாமிலிருந்தும் வரிசையிலிருந்தும் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. ரேஷன் கார்டு இல்லாத இருளர்கள் எந்தப் பட்டியலிலும் வரவில்லை. அங்கே பட்டியல் சாதிப் பஞ்சாயத்துடையது, குமரியில் பங்குடையது. ஆனால் இயங்கும் விதம் ஒன்றுதான்: சமூகம் தன்னை எண்ணிக்கொள்ளும், பக்கத்துத் தெருவை எண்ணாது.

இரண்டாவது குறை, ஒரே கையில் எல்லாம் சேர்வது. பட்டியல் போடுபவர், பொருள் பங்கிடுபவர், அரசிடம் வாதாடுபவர், தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்பவர் நால்வரும் ஒருவரே என்றால், விடுபட்டவர் யாரிடம் போய்க் கேட்பார்? வெளிநாட்டுப் பணத்துக்கான கணக்கு சட்டப்படி டெல்லிக்குப் போகிறது. இன்னொரு நகல் கொடுத்தவருக்குப் போகிறது. வாங்கிய ஊரின் கோயில் சுவரில் அது ஒட்டப்பட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஒக்கியின்போது பெயர்ப் பட்டியல் ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது; தப்பு இருந்தால் அன்றைக்கே ஒருத்தர் வந்து திருத்த முடிந்தது. பணப் பட்டியலுக்கும் அதே வெளிச்சம் வேண்டும் என்பது பெரிய கோரிக்கை இல்லை.

அரசு செய்ய வேண்டிய வேலையைத் திருச்சபை ஏன் செய்யணும்னு ஒரு நண்பர் கேட்டார். சரியான கேள்வி. கடலுக்குப் போகும் ஒவ்வொருவரையும் கிளம்பும்போதே எண்ணி வைப்பது அரசின் கடமை. ஒக்கிக்குப் பிறகு செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பெறும் நாவிக் கருவிகள் படகுகளுக்குத் தரப்பட்டது அந்தத் திசையில் ஓர் அடி. ஆனால் கருவி படகுக்குச் செய்தி சொல்லும். படகுக்குள் இருக்கும் பன்னிரண்டு பேரைச் சொல்லாது. அதுவரை கோயில் புத்தகத்தை மூடிவைக்கச் சொல்ல முடியாது. அதன் பக்கங்களைக் கொஞ்சம் அகலமாக்கச் சொல்லலாம்: பங்கு உறுப்பினர் என்ற கட்டத்துக்குப் பதிலாக, நம் கரையிலிருந்து போனவர் என்ற கட்டம்.

இதைப் பெருந்துறையில் உட்கார்ந்து எழுதக் காரணம் இருக்கு. எங்க சிப்காட்டைச் சுத்தி எத்தனையோ வெளிமாநிலத் தொழிலாளிங்க லைன் வீடுகள்ல தங்கியிருக்காங்க. நாளைக்கு ஒரு பாய்லர் வெடிச்சா, உள்ள இருந்தது யாருன்னு பேர் சொல்ல இங்க எந்தக் கோயில்ல, எந்தச் சர்ச்சுல, எந்தப் பள்ளிவாசல்ல புத்தகம் இருக்கு? பழைய துணியைத் தேடறதுக்கு வேணா நம்மளால மறுநாளே மூட்டை கட்டிர முடியும்.

அந்தப் பெரியம்மாவுக்கு இப்போ பதில் சொல்லலாம். கட்டமாட்டாங்க பெரியம்மா. அவங்களுக்கு வேண்டியது வேற. வீட்டுக்கு வராத ஆளோட பேரை யாராச்சும் எழுதி வெச்சிருக்கணும்.