கேபிளுக்கு டிஎஸ் எடுக்க ஷாட்கட் போதுமா?

கோவில்பட்டியில் ஹாக்கிப் போட்டியோ, செண்பகவல்லி அம்மன் கோயில் தேரோட்டமோ, படம் பிடிப்பவருக்கு வேலை இரண்டாகிவிட்டது. யூடியூபுக்கு எம்பி4 கொடுத்தால் போதும். உள்ளூர் சேனல் நடத்தும் கேபிள் கன்ட்ரோல் ரூமில் பெரும்பாலும் டிஎஸ் கேட்பார்கள், அதாவது டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம். இலவசமாகக் கிடைக்கும் ஷாட்கட் எடிட்டிங் மென்பொருளை இந்த இரண்டாவது வேலைக்கு வைத்துப் பார்த்தேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: படத்துக்கு முழு மதிப்பெண், டிஎஸ்ஸுக்குப் பாதிதான். மீதிப் பாதிக்கு எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் கருவி கைகொடுக்கிறது, அதுவும் இலவசம்.

டிஎஸ் கோப்பு முழுக்க 188 பைட் பாக்கெட்டுகள். ஒவ்வொன்றிலும் அது படமா, ஒலியா, அட்டவணையா என்று சொல்லும் பிஐடி எண் இருக்கும். எந்த பிஐடியில் என்ன வருகிறது என்ற அட்டவணை நொடிக்குப் பலமுறை திரும்பத் திரும்ப வருவதால், ஒளிபரப்பின் நடுவில் டிவியைப் போட்டாலும் படம் வந்துவிடுகிறது. சாதாரண எம்பி4-இல் அந்த விவரம் பதிவு முடியும்போதுதான் எழுதப்படும். டிஎஸ்ஸின் இந்த அமைப்பால் இன்னொரு லாபமும் உண்டு. ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருளில் டிஎஸ்ஸாகப் பதிவு செய்துகொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டால், அதுவரை பதிவானது அப்படியே மிஞ்சும்.

ஷாட்கட்டில் எக்ஸ்போர்ட், பிறகு அட்வான்ஸ்டு. ஃபார்மட்டில் எம்பெக்டிஎஸ். எஸ்டி சேனலுக்கு 720க்கு 576, நொடிக்கு 25 ஃபிரேம். கேமரா இன்டர்லேஸ்டில் எடுத்திருந்தால் ஸ்கேன் மோடும் இன்டர்லேஸ்டுதான். கோடெக்கில் எம்பெக்2, ரேட் கன்ட்ரோலில் கான்ஸ்டன்ட் பிட்ரேட், பஃபர் 224 கேபி. ஜிஓபியை, அதாவது ஒரு முழுப்படத்திலிருந்து அடுத்த முழுப்படம் வரையிலான ஃபிரேம் எண்ணிக்கையை, 12 என்று வைத்து ஃபிக்ஸ்டு கட்டத்தை டிக் செய்யுங்கள். அப்போதுதான் சேனல் மாற்றியதும் அரை நொடிக்குள் முழுப்படம் கிடைக்கும். ஒலிக்கு எம்பி2, 48,000 ஹெர்ட்ஸ், 192 கிலோபிட். ஏஏசி வைத்தால் சில பழைய செட்டாப் பாக்ஸ்களில் படம் ஓடும், சத்தம் வராது.

பிட்ரேட் விஷயத்தில் நம் ஊர் மண்ணே நல்ல பரீட்சை. மழைக்குப் பின் உழுது போட்ட கரிசல் காட்டை 2.5 மெகாபிட்டில் எடுத்துப் பார்த்தேன். கட்டி கட்டியாகக் கிடக்கும் மண் ஒரே கறுப்புச் சதுரங்களாக ஒட்டிக்கொண்டது, சால் தெரியவே இல்லை. காற்றில் ஆடும் மக்காச்சோளத் தோகை அதைவிட மோசம். ஹாக்கியில் வேகமாக அடித்த பந்து சில ஃபிரேம்களில் காணாமலே போனது. 4 மெகாபிட்டுக்கு ஏற்றியதும் சால் பிரிந்து தெரிந்தது, பந்தும் கண்ணுக்குச் சிக்கியது. அதற்குக் கீழே இறங்க நான் சம்மதிக்க மாட்டேன்.

குறை இனிமேல்தான். கான்ஸ்டன்ட் பிட்ரேட் என்று வைத்தாலும் அது வீடியோவுக்கு மட்டும். மொத்த ஸ்ட்ரீமின் வேகம், அதாவது மக்ஸ்ரேட், ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். 64 க்யூஏஎம்மில் 8 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை ஒன்று சுமார் 38 மெகாபிட் தாங்கும். அதைப் பல சேனல்கள் பங்குபோட்டுக்கொள்ளும் இடத்தில் நிலையான வேகத்தில் வரும் ஸ்ட்ரீமுக்குத்தான் மரியாதை. ஆனால் அந்த மக்ஸ்ரேட்டைக் குறிக்க ஷாட்கட்டின் திரையில் ஒரு பெட்டி கிடையாது. அடோபி பிரீமியரில் எம்பெக்2-க்கு மல்டிபிளெக்சர் என்று தனி டேபே உண்டு.

எனவே ஷாட்கட் தந்த கோப்பை மறுபடி என்கோட் செய்யாமல் எஃப்எஃப்எம்பெக்கில் காப்பி முறையில் ஓட்டி, மக்ஸ்ரேட்டை 5 மெகாபிட் என்று கொடுத்தேன். படமும் ஒலியும் போக மிஞ்சும் இடத்தை 8191 பிஐடி கொண்ட வெற்றுப் பாக்கெட்டுகளால் அது நிரப்பிவிடுகிறது, ஆள் ஏறாத சீட்டோடும் நேரத்துக்குக் கிளம்பும் பஸ் மாதிரி. மக்ஸ்ரேட்டை வீடியோவுக்கு நெருக்கமாக 4.2 என்று வைத்தபோது, டிடிஎஸ் (படத்தை டிகோட் செய்ய வேண்டிய நேரம்) பிசிஆரைவிடக் குறைவு, டிஎஸ் செல்லாது என்ற எச்சரிக்கை வரிசையாக வந்தது. படம் உரிய நேரத்துக்குள் வந்து சேராது என்பதுதான் இதற்கு அர்த்தம். அந்த வரியைக் கண்டால் கோப்பை அனுப்பாதீர்கள். பிசிஆர் என்பது டிகோடர் தன் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளும் நேர முத்திரை. டிவிபி பரிந்துரைப்படி 40 மில்லிசெகண்டுக்குள் ஒன்று வந்தாக வேண்டும். எஃப்எஃப்எம்பெக் தானாகவே 20-இல் வைக்கிறது.

சர்வீஸ் பெயரையும் இந்தக் கட்டத்திலேயே கொடுத்துவிடலாம். கொடுக்காவிட்டால் ‘சர்வீஸ்01’ என்று பதிவாகிவிடும். கன்ட்ரோல் ரூமில் யாரும் மாற்றாவிட்டால் வீட்டு டிவியிலும் அதே பெயர்தான் தெரியும்.

கல்யாண வீடியோக்காரர்களுக்கு ஒன்று. ஏவிசிஎச்டி கேமரா தரும் எம்டிஎஸ் கோப்பை ‘அதுவும் டிஎஸ்தானே’ என்று அப்படியே கொடுத்துவிடாதீர்கள். அதில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முன்னால் 4 பைட் கூடுதலாக இருக்கும், ஆக 192. சில பிளேஅவுட் மென்பொருள்கள் அதை ஏற்காது.

காசில்லாமல் உள்ளூர் சேனலுக்கு வேலை செய்பவருக்கு ஷாட்கட்டும் எஃப்எஃப்எம்பெக்கும் சேர்ந்தால் தாராளமாகப் போதும், தைரியமாக வைத்துக்கொள்ளலாம். மக்ஸ்ரேட், பிஐடி, சர்வீஸ் பெயர் மூன்றுக்கும் ஷாட்கட்டின் அடுத்த பதிப்புகளில் பெட்டி வந்தால் இரண்டாவது படியே தேவைப்படாது. அதுவரை, எடுத்த கோப்பை டிஎஸ்டக் என்ற இலவசக் கருவியில் ஒருமுறை பரிசோதித்து, திருவிழாவுக்கு முந்தின நாளே ஒரு நிமிட மாதிரியைக் கன்ட்ரோல் ரூமில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.