தாடைக்குக் கீழே

டிஜிட்டலில் வரைந்த முகம் ஒன்றைக் காட்டினால் "கண் பேசுது" என்பதுதான் எல்லாருடைய முதல் பாராட்டு. நான் தாடைக்குக் கீழே பார்ப்பேன். தாடையும் கழுத்தும் சேரும் அந்த மூன்று விரல் அகல நிழலில் வரைந்தவர் என்ன செய்து வைத்திருக்கிறார்? கறுப்பை எடுத்து 'மல்டிப்ளை' லேயரில் தடவி முடித்திருந்தால், நெற்றியிலும் கன்னத்திலும் எத்தனை முரட்டுத் தூரிகைத் தடம் இருந்தாலும் அது எனக்குச் செத்த படம்தான்.

இந்தப் பைத்தியம் திருகோணமலைப் பக்கத்து ஈச்சிலம்பற்று வெயில் கொடுத்தது. நடுப்பகலில் உச்சியில் விழுகிற வெளிச்சம் தரையில் பட்டு மேலே ஏறும். இலங்கைத்துறைக் கரையில் வலை சிக்கெடுக்கிறவரின் தாடைக்கு அடியில் மணலின் வெளிறிய மஞ்சள் இருக்கும். வயலுக்குள் நிற்பவருக்கு அங்கே இளம்பச்சை. சிவப்புச் சீமெந்துத் திண்ணையில் குந்தியிருக்கும் ஆச்சிக்குச் செங்கல் நிறம். நெற்றி வியர்வையிலோ வானத்தின் நீலம். எங்கள் கறுப்புத் தோல் நிறத்தை வாங்கித் திருப்பிக் கொடுக்கிற தோல். அதைக் கறுப்பும் வெள்ளையும் கலந்த மண்ணிறத்தால் நிரப்புகிறவர்களுக்குத் திரையில் லட்சக்கணக்கில் நிறம் இருந்து என்ன பயன்?

சினிமா பெனர் எழுதியவர்களுக்கு இது கை வந்த கலை. ஸ்டில் படத்தில் கட்டம் போட்டு, அதைப் பெரிய துணிக்கு மாற்றி, நாயகனின் கன்னத்தில் ரோஜா நிறத்தையும் கழுத்தில் பச்சையையும் பட்டை பட்டையாக இழுத்துவிட்டுப் போவார்கள். மூதூரிலிருந்து லோஞ்ச் ஏறித் திருகோணமலைக்குப் போன சின்ன வயதில், தியேட்டர் வாசலில் அந்த முகங்களுக்குக் கிட்டப்போய் நின்றால் வெறும் நிறக் குழப்பம்தான். றோட்டுக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பினால் சிவாஜி முறைத்துக்கொண்டிருப்பார். தாடைக்குக் கீழே கண்ணைப் பறிக்கிற சிவப்பு ஒரு கோடு இருக்கும். தலைக்குப் பின்னாலுள்ள இருட்டிலிருந்து முகத்தை வெட்டி எடுத்து முன்னே தள்ளுவது அந்தக் கோடுதான். பம்பாயில் பெனர் எழுதித்தான் எம்.எஃப். ஹுசைனும் தொடங்கினார். ஃபிளெக்ஸ் வந்ததும் அந்தக் கைகள் ஓய்ந்தன. இன்று டேப்லெட்டில் தளர்வாக வரைகிற பிள்ளைகள் மேலைநாட்டு ஓவியர்களின் 'பிரஷ் பெக்' வாங்கக் காசு சேர்க்கிறார்கள். பழைய பெனர் ஒன்றின் புகைப்படத்தைப் பெரிதாக்கி ஒரு பின்னேரம் பார்த்திருந்தால் பாதிப் பாடம் முடிந்திருக்கும்.

தளர்வை விட நுணுக்கத்தை விரும்புகிற மறுபக்கத்து ரசிகர்களும் எனக்கு நண்பர்கள்தான். கும்பகோணத்துப் பக்கத்து எஸ். இளையராஜாவின் எண்ணெய் ஓவியங்களைக் காட்டி, "மயிர் மயிராக வரைகிறாரே, இதற்கு மேல் என்ன வேணும்?" என்பார்கள். 2021இல் கொரோனா அவரைக் கொண்டுபோனது நமக்குப் பெரிய இழப்பு. ஆனால் அவருடைய பெண்கள் உயிரோடு இருப்பது மயிரால் அல்ல. பக்கவாட்டில் வரும் வெளிச்சத்தை அவர் எங்கே நிறுத்துகிறார் என்பதில்தான் உயிர் இருக்கிறது. அவரைப் பின்பற்றுகிறவர்கள் மயிரை எடுத்துக்கொண்டார்கள், வெளிச்சத்தை விட்டுவிட்டார்கள். கோட்டை நேசிக்கிற இன்னொரு கூட்டம் ஓவியர் டிராட்ஸ்கி மருதுவைச் சொல்லும். கணினியை அத்தனை சீக்கிரமாகக் கையில் எடுத்தும் கோட்டின் வேகம் குறையாத மனிதர், சந்தேகமேயில்லை. ஆனால் அவருடைய தளர்வு கோட்டில் இருக்கிறது. நான் கேட்பது நிறத் திட்டுகளின் தளர்வு. அது வேறு வித்தை.

அந்த வித்தைக்குக் கருவி பெரிதாக வேண்டாம். புரோகிரியேட் செயலியின் 'நிக்கோ ரல்' தூரிகை போதும். கணினியில் என்றால் காசில்லாமல் கிடைக்கிற கிரிட்டா. நடுத்தரமான ஒரு மண்ணிறத்தைத் தளமாகப் பூசி, முகத்தின் கால்வாசியை அடைக்கிற பருமனில் தூரிகையை வைத்துத் தொடங்கவேணும். கண்ணைக் கடைசிக்கு விடலாம். 'ஸ்மட்ஜ்' பக்கம் போகவே கூடாது. இரண்டு நிறத்துக்கு நடுவே மூன்றாவது நிறம் வேணுமென்றால் அதைத் தேடி எடுத்து வைக்கவேணும், தேய்த்து வரவழைக்கக் கூடாது. தாடையின் கோடு காதுப் பக்கம் கூர்மையாகத் தொடங்கி, நாடிக்கு வருமுன் நிழலுக்குள் ஒரு இடத்தில் காணாமல் போகவேணும். அந்தக் காணாமல் போகிற இடத்தை நம்பி விட்டுவிடத் துணிச்சல் வேண்டும். பெரும்பாலான கைகள் அங்கேதான் பயந்து ஒரு கோட்டை இழுத்துவிடுகின்றன.

சொரசொரப்பைப் பற்றி ஒரு குறை. படத்தை வழவழவென்று முடித்துவிட்டு, கடைசியில் கன்வஸ் துணியின் புகைப்படத்தை 'ஓவர்லே' ஆக மேலே போர்த்துகிறார்கள். நெற்றிக்கும் சேலைக்கும் பின்னாலுள்ள வானத்துக்கும் ஒரே சொரசொரப்பு. இன்னும் மோசமானது, தூரிகையின் ஒரே கீறல் கன்னத்தில் ஒருமுறை, காதுக்குப் பக்கத்தில் இன்னொருமுறை அச்சு அசலாகத் தெரிவது. கண் அதைப் பிடித்துவிட்டால் பிறகு முகம் தெரியாது. தோலில் குறைத்து, நரையில் கூட்டி, நிழலில் அறவே இல்லாமல் வைத்துப் பாருங்கள். நிழல் மெல்லியதாகவும் வெளிச்சம் தடித்ததாகவும் இருப்பது ரெம்பிராண்ட் காலத்துப் பழக்கம். கண்ணாடித் திரையிலும் அது செல்லும்.

எங்கள் பக்கத்தில் முகம் வரைவிக்கிறவர்கள் பெரும்பாலும் இறந்தவர்களுக்காகத்தான் வருகிறார்கள். 2006இல் போருக்குத் தப்பிச் சனம் வெருகலைக் கடந்து வாகரைக்கும் பிறகு மட்டக்களப்புக்கும் ஓடியபோது அல்பங்கள் வீட்டோடு போயின. கையில் மிஞ்சியது அடையாள அட்டை. அதிலுள்ள கறுப்பு வெள்ளைச் சிறு படம்தான் பல வீடுகளில் அப்பாவின் ஒரே முகம். ஸ்டூடியோவில் கொடுத்தால் அதைப் பெரிதாக்கி, தோலை வெளுத்து, அந்த மனிதர் ஆயுளில் உடுத்தே இராத கோட்டும் டையும் மாட்டி, பின்னால் ஊதாத் திரை போட்டுத் தருவார்கள். இப்போது நிமிடத்தில் எண்ணெய் ஓவியமாக்கும் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்துகொண்டது. அதற்கு எல்லா அப்பாவும் ஒரே அப்பா.

நல்ல கை உள்ள ஒரு பெடியன் வேறு மாதிரிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். அட்டைப் படத்தை வாங்கிக்கொண்டு வீட்டாரிடம் கேட்டான்: "ஐயா கூடுதலா எங்க இருப்பார்?" மாட்டுப்பட்டியில் என்றார்கள். வேலிக்கம்பின் கபிலத்தையும் காய்ந்த புல்லின் மஞ்சளையும் கலந்து தாடைக்குக் கீழே இரண்டே இழுப்பு. "கொஞ்சம் வெள்ளையாக்கித் தாங்க தம்பி" என்று கேட்டதற்கு மறுத்துவிட்டான். காசைக் குறைத்துத்தான் கொடுத்தார்கள்.

அச்சுக்குக் கொடுக்கும்போது மினுங்குகிற லெமினேட் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். சாமியறை டியூப்லைட் அதில் பட்டால் நெற்றி வெள்ளையடித்துப் போகும், தாடைக்குக் கீழே ஒன்றும் தெரியாது.