மரிப்போரிடம் கற்றல்

மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் வெளியிட்ட ‘ஆன் டெத் அண்ட் டையிங்’ என்னும் நூல், நம் இறையியல் மாணவர் பலருக்கு ஐந்து நிலைகளின் பட்டியலாகவே அறிமுகமாகியுள்ளது. மறுப்பு, சினம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று ஒப்புவிப்பர். அந்நூல் பிறந்த வரலாற்றை அறிந்தோர் சிலரே. 1965இல் சிக்காகோ இறையியல் கல்லூரி மாணவர் நால்வர், மனித வாழ்வின் நெருக்கடிகளை ஆராய உதவி நாடி அவரிடம் சென்றனர். மரித்துக்கொண்டிருப்போரையே ஆசிரியராகக் கொள்வது அவர் காட்டிய வழி. நோயாளி பேசினார்; மருத்துவரும் திருப்பணியாளரும் கேட்டனர்.

நூலின் நிலைத்த பயன் இம்முறையிலேயே உள்ளது. ஐந்து நிலைகளோ வாய்பாடாகிவிட்டன. அவை ஒன்றோடொன்று கலந்தும் வரும் என்று ஆசிரியரே எழுதியிருப்பதை நாம் மறந்தோம். மேலும், அவர் கண்ட சூழல் வேறு. உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ மதுரைக்கு வரும் முதியவரின் நோய் பெரும்பாலும் மகனிடமே சொல்லப்படுகிறது. “அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்” என்பது குடும்பத்தாரின் முதல் வேண்டுகோள். அன்பினால் எழும் அம்மறைப்பே மரிப்பவரைத் தனிமைப்படுத்துகிறது. இதனைக் கையாள நம் மருத்துவர் கற்றாக வேண்டும்.

இந்திய மருத்துவக் கழகம் வகுத்து 2019இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம், அறநெறியையும் உரையாடலையும் பாடமாக்கி, மரணத்தை எதிர்கொள்ளுதலையும் அதில் சேர்த்தது வரவேற்கத்தக்கது. ஆயினும் வகுப்பறை விவாதம் கட்டிலருகே அமர்வதற்கு ஈடாகாது. சிசிலி சாண்டர்ஸ் 1967இல் இலண்டனில் தொடங்கிய புனித கிறிஸ்தோபர் இல்லம் உணர்த்தியபடி, வலியைத் தணிக்காத கனிவு வெறும் சொல்லே. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டக் கெடுபிடிகளால் மார்ஃபின் நம் நாட்டில் அரிதாயிற்று. 2014இல் சட்டம் திருத்தப்பட்டபின் அம்மருந்தை அச்சமின்றி அளிக்கும் பயிற்சியும் தேவையாகிறது.

மருத்துவரை மட்டும் குறைகூற நமக்குத் தகுதியில்லை. சில ஆண்டுகளுக்கு முன், புற்றுநோயுற்ற சபைத் தாயார் ஒருவர் மருத்துவமனையில் என்னிடம், “ஐயா, நான் வீட்டுக்குத் திரும்புவேனா?” என்று கேட்டார். “ஜெபிப்போம், அம்மா” என்று கண்களை மூடிக்கொண்டேன். ஜெபம் முடிந்தபின் அவர் மீண்டும் கேட்கவில்லை. அக்கேள்விக்கு அஞ்சியே ஜெபத்தை நாடினேன் என்பதைப் பின்னரே உணர்ந்தேன். கெத்செமனேயில் ஆண்டவர் தம் சீடரிடம் வேண்டியது தம்மோடு விழித்திருப்பதையே.

சிக்காகோவில் முதலில் கதவைத் தட்டியோர் இறையியல் மாணவர். மதுரையிலும் மருத்துவ மாணவரும் இறையியல் மாணவரும் ஒரே நகரில் பயில்கின்றனர். நோயாளியின் இசைவோடு இருவரும் அவரருகே ஒன்றாய் அமர்ந்து கேட்கும் பயிற்சியை நாமே முன்வந்து தொடங்கலாகாதா?