கோடும் வர்ணமும்

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரில் ஒரு வாரம் தங்கியிருந்தேன். நாவலை முடிக்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனவன், பெட்டிக்குள் நாவலைவிடப் பத்திரமாக வைத்திருந்தது ஆதிமூலத்தின் சித்திரப் புத்தகத்தை.

அவர் பேரில் எனக்கு நெடுநாளாக ஒரு மனத்தாங்கல். 1938-ல் துறையூர்ப் பக்கத்துக் கீழக்குறிச்சியில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து, 1966-ல் வெளியே வந்தவர். காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டிக் காந்தியை மட்டும் ஏறக்குறைய நூறு சித்திரங்கள் வரைந்தார். பார்த்திருப்பீர்கள். பேனா பின்னிப் பின்னி ஓட, அந்தச் சிக்கலுக்குள்ளிருந்து எலும்பும் தோலுமாக ஒரு கிழவர் நடந்து வருவார். மகாராஜாக்களையும் வரைந்தார், தலைப்பாகையும் மீசையும் அப்படியே இருக்க, உள்ளே ஆள் உளுத்துப்போன ராஜாக்கள். சிறுபத்திரிகை அட்டைகளில் அவர் கோடுகளைப் பார்த்துத்தான் என்னைப் போன்ற கதைக்காரர்களுக்கு நவீன ஓவியமே அறிமுகம். கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'யை அவர் படங்களைப் பிரித்து என்னால் நினைக்க முடிவதில்லை.

அப்பேர்ப்பட்ட கை, பிற்பாடு பெரிய துணிகளில் எண்ணெய் வர்ணத்தைத் திட்டுத் திட்டாக அப்ப ஆரம்பித்தது. மனிதன் இல்லை, மரம் இல்லை. கதையில்லாத படம் எனக்கெதற்கு என்று ஒரு கட்டுரையில் கேட்டேவிட்டேன். கோட்டை அவர் அடியோடு விட்டுவிடவில்லை என்பதைக்கூட அதில் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை மூடுபனி விலகியபோது எதிர்ச்சரிவைப் பார்த்தேன். வெளிறிய பச்சையாகச் சாமைக் கொல்லை, உழுதுபோட்ட செம்மண், மேலே நகர்கிற மேக நிழல். கொல்லை எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது என்று காட்ட ஒரு கோடு கிடையாது. மடியில் விரித்திருந்த பக்கத்திலும் அப்படித்தான். துறையூர், பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் அடிவாரத்து ஊர் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சின்ன வயதில் கதவைத் திறந்தால் இப்படி ஒரு சரிவு அவர் கண்ணிலும் பட்டிருக்குமே!

பட்டணத்துக் கலாசாலைக்குப் போகிறவன் ஊரிலிருந்து எதை எடுத்துப் போகிறான்? நைஜீரியாவின் உச்சே ஒக்கேக்கே (1933-2016), இக்போ பெண்கள் உடம்பிலும் சுவரிலும் எழுதும் 'உலி'க் கோட்டை எடுத்துப் போனார். அவர் ஊர் கோட்டில் இருந்தது. ஆதிமூலத்தின் ஊர் கோட்டில் இல்லை. கோடு அவர் சென்னையில் உழைத்துச் சம்பாதித்தது. வர்ணத்துக்கு வந்தபோதுதான் மனிதர் வீடு திரும்பினார் என்று எனக்குப் படுகிறது.

இந்த வாதம் எல்லாப் படங்களுக்கும் செல்லாது. சிலவற்றில் சிவப்பும் மஞ்சளும் மிட்டாய்க்கடை போலத் தித்திக்கின்றன. அவற்றைத் தாண்டிப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன். ஆனால் நீலத்துக்கடியில் மண் தெரிகிற படங்களைத் தாண்ட முடியவில்லை.

அவர் 2008-ல் காலமாகிவிட்டார். பழைய கட்டுரையைத் தொகுப்பில் சேர்க்கலாமா என்று பதிப்பாளர் கேட்டிருந்தார். சேருங்கள், இதையும் பக்கத்திலேயே போடுங்கள் என்று மலையிலிருந்தே எழுதிவிட்டேன். நாவல் முடியவில்லை.