ஞாயிறு மணியோசையும் வீதியில் நின்ற மனிதனும்

ஒரு கலைஞரை எடைபோட முனையும்போது இரண்டு குறுக்குவழிகள் நம்மை அழைக்கின்றன. அவரது வாழ்வின் கறைகளை எண்ணிப் பார்த்துப் படைப்புகளையே ஒதுக்கிவிடுவது ஒன்று. படைப்பின் அழகில் மயங்கி, அந்த வாழ்வைப் புராணமாக்கிவிடுவது மற்றொன்று. 2024 செப்டம்பர் 28 அன்று ஹவாயின் மவுய் தீவில், தமது 88ஆம் வயதில் மறைந்த கிரிஸ் கிறிஸ்டோபர்சனைப் பற்றி எழுதியவர்களுள் பலர் இரண்டாம் வழியில் சென்றனர். சமயப் பற்றுள்ளவர்களோ, குடியையும் சிற்றின்பத்தையும் பாடியவர் என்று முதல் வழியில் அவரைக் கடந்து போகக்கூடும். இவ்விரண்டையும் தவிர்த்து, அவருடைய பாடலும் நடிப்பும் நம்மிடம் கேட்பது என்ன என்பதை இங்கே எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

அவர் பாடல் இயற்றியது 'கன்ட்ரி' எனப்படும் இசை வகையில். அமெரிக்கத் தென் மாநிலங்களின் உழவர், தொழிலாளர் குடிகளிடையே எழுந்து, நாஷ்வில் நகரத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் பெருந்தொழிலாக வளர்ந்த இசை அது. கிறிஸ்டோபர்சன் அந்தக் குடிகளிலிருந்து வந்தவர் அல்லர். 1936இல் டெக்சாஸ் மாநிலத்தின் எல்லை நகரான பிரவுன்ஸ்வில்லில், விமானப்படையில் தளபதி நிலைக்கு உயர்ந்த ஒருவரின் மகனாகப் பிறந்தார். ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபர்டின் மெர்ட்டன் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்றார். கவிஞர் வில்லியம் பிளேக் அவரது நெஞ்சில் நிலைத்த ஆசான். பின்னர் இராணுவத்தில் ஹெலிகாப்டர் விமானியாகிக் கேப்டன் நிலையை எட்டினார். வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்விக்கூடத்தில் இலக்கியம் கற்பிக்கும் பணி காத்திருந்தபோது, 1965இல் அதைத் துறந்து நாஷ்வில் சென்றார். அங்கே கொலம்பியா நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் தரையைக் கூட்டித் துடைக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. 1966இல் பாப் டிலன் தம் இசைத்தட்டுக்காக அங்கே பாடியபோது, துடைப்பமும் கையுமாக நின்றவர் இவர்.

இந்த இறக்கத்தைத் தியாகம் என்று உடனே போற்றிவிட வேண்டாம். அதன் விலையை அவர் ஒருவர் மட்டும் கொடுக்கவில்லை. பெற்றோரின் மனம் கசந்தது. அறுபதுகளின் முடிவில் முதல் மணவாழ்வு முறிந்தது. பிழைப்புக்காக மெக்சிகோ வளைகுடாவின் எண்ணெய்த் தளங்களுக்கு ஹெலிகாப்டர் ஓட்டினார். புகழ்பெற்ற பாடகர் ஜானி கேஷின் வீட்டு முற்றத்தில் ஹெலிகாப்டரை இறக்கிப் பாடலை நீட்டினார் என்ற கதையை உலகம் இன்றும் சுவைத்துப் பேசுகிறது. ஆனால் கேஷ் அப்போது வீட்டிலேயே இல்லை என்று சொல்லி, தம்மைப் பற்றிய அந்தப் புராணத்தின் ஒளியைக் குறைத்தவரும் அவரே.

அவருடைய பாடல்களைப் பெரும்பாலும் பிறரே உலகறியச் செய்தனர். 1970இல் ரே பிரைஸ் பாடினார். 1971இல் சாமி ஸ்மித் பாடினார். 1970 அக்டோபரில் இறந்துபோன ஜானிஸ் ஜாப்ளினின் குரலில் 'மீ அண்ட் பாபி மெகீ' மறு ஆண்டு முதலிடம் பெற்றது. தம் சொந்தக் குரல் கரடுமுரடானது, இசைநயம் குறைந்தது என்பதை அவர் மறைத்ததில்லை. அவரது வலிமை சொல்லில் இருந்தது. பிளேக்கைப் பயின்றவர் பிளேக்கைப் போல எழுத முயலவில்லை. உணவு விடுதியில் பேசப்படும் எளிய சொற்களைக் கொண்டே பாடினார். கற்றதை மறைக்கத் தெரிந்ததே அவருடைய கல்வியின் பயன்.

அவற்றுள் நம் கவனத்திற்கு உரியது, 1970இல் ஜானி கேஷ் பாடி, அவ்வாண்டின் சிறந்த கன்ட்ரி பாடலாகத் தெரிவு செய்யப்பட்ட 'சண்டே மார்னிங் கமிங் டவுன்'. ஒருவன் ஞாயிறு காலை மதுமயக்கத்தின் வேதனையோடு விழிக்கிறான். கிடைத்த சட்டையை அணிந்து வீதியில் நடக்கிறான். வீடுகளில் சமையல் மணக்கிறது. தந்தையொருவர் தம் சிறு மகளோடு விளையாடுகிறார். மறைக்கல்விக்கு வந்த பிள்ளைகளின் பாட்டு காதில் விழுகிறது. எங்கோ மணி ஒலிக்கிறது. அவ்வளவே நிகழ்ச்சி. அவன் மனந்திரும்பியதாகப் பாட்டு சொல்வதில்லை, கோவிலைப் பழிப்பதுமில்லை. தான் இழந்தது இன்னதென்று அந்த மணியோசையில் அறிந்துகொள்ளும் ஒரு மனிதனை நம் கண்முன் நிறுத்திவிட்டு அது முடிந்துபோகிறது.

இதைக் குடியைப் பாடும் பாட்டு என்பவர் அதைச் சரியாகக் கேட்கவில்லை. குடியை அழகுபடுத்தும் பாடலில் தனிமை இருப்பதில்லை. இங்கே தனிமையைத் தவிர வேறொன்றும் இல்லை. போதை மயக்கத்தைச் சுட்டும் ஒரு சொல்லை மாற்றும்படி தொலைக்காட்சி நிறுவனத்தார் கேட்டபோது, கேஷ் இணங்காமல் எழுதியபடியே பாடினார். அவர் செய்தது சரி என்றே கருதுகிறோம். பாவத்தின் பெயரை மென்மையாக்கினால், அதிலிருந்து எழும் ஏக்கமும் பொய்யாகிவிடும்.

ஆயினும் அவருடைய எல்லாப் பாடல்களுக்கும் இந்தச் சான்றிதழை வழங்க இயலாது. துணையற்ற இரவுக்கு மருந்தாகப் பெண்ணின் அருகாமையைத் தேடும் பாடல்களில், நாளைய பொழுதைப் பற்றிய பொறுப்பு இல்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு மனம் உண்டா என்று பாட்டு கேட்பதும் இல்லை. 'ஹெல்ப் மீ மேக் இட் த்ரூ தி நைட்' பாடலை சாமி ஸ்மித் என்ற பெண் பாடியபோதுதான் அந்த வேண்டுகோளுக்கு வேறொரு ஆழம் கிட்டியது. சுதந்திரத்தையும் வெறுமையையும் அருகருகே வைக்கும் பாபி மெகீ பாடலிலும், பற்றற்ற நிலைக்கும் பற்றுவதற்கு யாருமற்ற நிலைக்கும் இடையிலான வேறுபாடு மங்கித் தோன்றுகிறது. ஆனால் இழந்த தோழமைக்காக வருங்காலம் முழுவதையும் ஈடாகக் கொடுக்க அந்தப் பாடலின் நாயகன் துடிக்கையில், அச்சுதந்திரம் போதவில்லை என்பதைப் பாட்டே ஒப்புக்கொள்கிறது.

நாஷ்வில் கோவில் ஒன்றில் நிகழ்ந்த வழிபாடு தம்மை உலுக்கியதால் எழுதியதாக அவர் கூறிய பாடல் 'வொய் மீ'. 1973இல் கன்ட்ரி பாடல் வரிசையில் முதலிடம் பெற்றது. பெற்ற நன்மைகளுக்குத் தாம் தகுதியற்றவர் என்பதே அதன் உட்பொருள். இறையியலார் பக்கம் பக்கமாக விளக்கும் உண்மை ஒன்று அதில் எளிமையாக நிற்கிறது: அருள் நம் தகுதிக்குக் கூலியன்று, தகுதிக்கு முன்னரே வந்து நிற்பது. இப்பாடலுக்குப் பின்னும் அவரது குடி நிற்கவில்லை. அதனால் பாட்டு பொய்யாகிவிடுமா? மனமாற்றம் ஒரே நாளில் முடிந்துவிடுவதில்லை என்பதை ஒப்புரவு அருளடையாளத்தை நாடிச் செல்லும் நாம் அறியாதவர்களா?

அந்த மனமாற்றத்தின் அடுத்த படி திரையரங்கில் நிகழ்ந்தது என்பது வியப்பு. எழுபதுகளில் அவர் நடிகரானார். 1974இல் மார்ட்டின் ஸ்கோர்செசியின் படத்தில், கணவனை இழந்த பெண்ணை நேசிக்கும் பண்ணைக்காரராக வந்தார். 1976இல் 'எ ஸ்டார் இஸ் பார்ன்' படத்தில், குடியால் அழியும் பாடகராக பார்பரா ஸ்டிரைசாண்டுடன் நடித்து கோல்டன் குளோப் விருது பெற்றார். அப்படத்தின் முடிவில் நாயகனின் உயிரற்ற உடலைத் திரையில் பார்த்தபோது, தம் முடிவையே கண்டதாக உணர்ந்து மதுவை விட்டதாகப் பின்னாளில் கூறினார். தான் ஏற்ற வேடமே நடிகனுக்கு எச்சரிக்கையாக அமைவது அரிது.

நடிகர் என்ற அளவில் அவருக்கு எல்லைகள் உண்டு. பல படங்களில் அவர் நடிக்கவில்லை. தம் முகத்தையும் தாடியையும் இரவல் கொடுத்தார். சுமார் 4 கோடியே 40 லட்சம் டாலர் செலவில் 1980இல் வெளிவந்த 'ஹெவன்ஸ் கேட்' படுதோல்வி அடைந்தபோது, அதில் முதன்மை வேடம் ஏற்றிருந்த அவரது திரை வாழ்வும் சரிந்தது. ஏழைக் குடியேறிகளின் பக்கம் நிற்கும் அதிகாரியாக அவர் அதில் காட்டிய அடக்கத்தைப் பலர் பின்னரே உணர்ந்தனர். 1996இல் ஜான் செய்ல்ஸ் இயக்கிய 'லோன் ஸ்டார்' அவரை மீண்டும் நிமிர்த்தியது. டெக்சாஸ் எல்லை ஊரில் கறுப்பினத்தவரையும் மெக்சிகோ வழியினரையும் ஒடுக்கும் கொடிய ஷெரீப்பாக, குரலை உயர்த்தாமலேயே நடுங்கச் செய்தார். எல்லை ஊரில் பிறந்தவர், அந்த மண்ணின் பாவத்தைத் தம் முகத்தில் ஏந்திக் காட்டிய நடிப்பு அது. அவருடைய திரைப்பணியில் தலைசிறந்தது எனத் தயங்காது கூறுவோம்.

இனி, கத்தோலிக்கராகிய நமக்குக் கசப்பான நிகழ்ச்சி ஒன்றுக்கு வருகிறோம். 1992 அக்டோபர் 3 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில், அயர்லாந்துப் பாடகி ஷனேட் ஓ'கானர் திருத்தந்தை இரண்டாம் ஜான் பாலின் படத்தைக் கிழித்தார். திருச்சபைக்குள் குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு ஆளாவதைக் கண்டித்தே அப்படிச் செய்தார். இரு வாரங்களுக்குள் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில், பாப் டிலனைப் போற்றும் விழாவில் அவர் மேடையேறியபோது கூட்டத்தினர் பலர் ஊளையிட்டனர். அவரை மேடையிலிருந்து அழைத்து வரும்படி கிறிஸ்டோபர்சனிடம் கூறப்பட்டது. அவரோ அருகில் சென்று, தளரவேண்டாம் என்று தைரியம் கூறினார். பாடிவிட்டு வந்தவரை அணைத்துக்கொண்டார்.

படத்தைக் கிழித்த செயல் நம்மைப் புண்படுத்தியது உண்மை. அப்புண்ணை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதைவிடப் பெரிய புண்ணைச் சுமந்திருந்த குழந்தைகள் இருந்தனர் என்பதைக் காலம் மெய்ப்பித்தது. 2010இல் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட், அயர்லாந்துக் கத்தோலிக்கருக்கு எழுதிய மடலில் இதற்காக வெட்கமும் வருத்தமும் தெரிவித்தார். அன்று மேடையில் நின்ற பாடகர் இவையெல்லாம் அறிந்து செயல்பட்டவர் அல்லர். கூட்டம் ஒருத்தியைத் தனிமைப்படுத்துவதைக் கண்டார். அவள் பக்கத்தில் போய் நின்றார். ஞாயிறு காலை வீதியில் தனித்து நடந்தவனை எழுதிய அதே மனிதரின் செயல் அது. பாட்டும் வாழ்வும் ஒன்றாய் நின்ற தருணம் எதுவென்று கேட்டால், நாம் இதையே சுட்டுவோம்.

காந்தியடிகளையும் மார்ட்டின் லூதர் கிங்கையும் இயேசுவையும் ஒருசேர நினைக்கும் பாடலையும் அவர் இயற்றினார். எண்பதுகளில் நடு அமெரிக்க ஏழைகளுக்காக எழுதிய பாடல்களில், அறச்சினம் கலையை முந்திவிட்டது. தீர்ப்புச் சொல்லும் இடத்தில் அவர் பலவீனமானவர். அருகில் நிற்கும் இடத்தில் பெருங்கலைஞர்.

புனிதரென்று அவரைக் கொண்டாட வேண்டியதில்லை. அவரது பாடல்களை வழிபாட்டுக்குள் கொண்டுவரவும் வேண்டியதில்லை. கோவிலில் தொலைவாய் நின்று தலைநிமிரத் துணியாத வரிதண்டுபவரின் குரல் எப்படி ஒலித்திருக்கும் என்பதை அவர் நமக்குக் கேட்கச் செய்தார். ஞாயிறுதோறும் உள்ளே நின்று பாடும் நாம், நம் பாட்டு வெளியே வீதியில் எவர் காதில் விழுகிறது, அவரை அது அழைக்கிறதா, அன்றி இன்னும் தனியராக்குகிறதா என்று எண்ணிப் பார்த்தால், அந்த நாஷ்வில் பாடகரின் உழைப்பு வீண்போகாது.