ஊசியின் காதும் ஒட்டகமும்

பழைய நூற்பகுதி ஒன்று பொருள் விளங்காமையால் பிறழக் கொள்ளப்படுதலும் உண்டு. பொருள் நன்கு விளங்கியும், ஏற்றல் அரிதாதலின் வேறாக உரைக்கப்படுதலும் உண்டு. பின்னையதற்குச் சிறந்த சான்றாவது, ஊசியின் காதில் ஒட்டகம் நுழைதல் பற்றிய விவிலியப் பகுதி. மத்தேயு 19:24, மாற்கு 10:25, லூக்கா 18:25 ஆகிய மூவிடத்தும் இது வருகின்றது. செல்வன் ஒருவன் இறையாட்சியுள் புகுதலினும் ஒட்டகம் ஊசிக்காதில் நுழைதல் எளிது என்பது இதன் கருத்து. இதன் கடுமையைத் தணிக்க எழுந்த உரைகள் இரண்டு. அவை பொருந்துமா என ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலாவது, பாடத்தைத் திருத்தும் உரை. கிரேக்கத்தில் ஒட்டகத்தைக் குறிக்கும் சொல் 'காமேலோஸ்'. அதனைக் 'காமிலோஸ்' எனக் கொண்டு, மரக்கலத்தாரின் வடக்கயிறு எனப் பொருள் உரைப்பர். 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அலெக்சாந்திரியா நகரத்துச் சிரில் என்பார் கயிறு என்றே பொருள் கொண்டார். ஊசிக்கு நூலும், நூலுக்கு இனமான கயிறும் இயைதலின், இவ்வுரை முதற்பார்வையில் நயமுடையதாகத் தோன்றும்.

ஆயின், 4ஆம் நூற்றாண்டினவாகிய சினாய் ஏடும் வத்திக்கான் ஏடும் ஒட்டகம் என்னும் பாடத்தையே தருகின்றன. கிரேக்க ஏடுகளுள் கயிறு என்னும் பாடம் பிற்பட்டன சிலவற்றிலேயே உள்ளது. பிற்காலக் கிரேக்கத்தில் இவ்விரு சொற்களின் இடையிலுள்ள உயிர்கள் ஒலிப்பில் ஒன்றாயின; எனவே ஒன்று மற்றொன்றாக எழுதப்படுதல் எளிது. அரிய பாடம் எளிய பாடமாகத் திரிதலே பெரும்பான்மை என்பதும் ஏடு ஆய்வார் அறிந்த நெறி. கயிற்றை ஒட்டகமாக்க ஏடெழுதுவோர்க்குக் காரணம் இல்லை. ஒட்டகத்தைக் கயிறாக்கக் காரணம் உண்டு. இவை ஒருபுறம் நிற்க, வடக்கயிறு மட்டும் ஊசிக்காதில் நுழையுமோ? நுழையாது. இத்திருத்தத்தால் உவமை சற்று ஒழுங்கு பெறுமேயன்றி, அருமை நீங்குவதில்லை.

இரண்டாவது உரையே இன்று பெரிதும் வழங்குவது. எருசலேம் நகரில் 'ஊசியின் காது' எனப் பெயரிய சிறுவாயில் ஒன்று இருந்தது என்றும், சுமையை இறக்கி முழந்தாளிட்டால் ஒட்டகம் அதனுள் புகும் என்றும் கூறுவர். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் தொகுத்த உரைத்தொகையில் இவ்விளக்கம் காணப்படுகின்றது. இயேசுவின் காலத்தில் அவ்வாயில் இருந்தமைக்கு அகழ்வாய்விலும் அக்கால நூல்களிலும் சான்று இல்லை. அகச்சான்றும் இதற்கு மாறானது. ஊசியை மத்தேயுவும் மாற்கும் 'ராபிஸ்' என்பர்; லூக்கா 'பெலோனே' என்பார். துளையைக் குறிக்கவோ, திருந்திய பதிப்புகளின்படி, மூவரும் மூன்று வெவ்வேறு சொற்களை ஆள்கின்றனர். ஊரறிந்த வாயிலின் இயற்பெயராயின் அஃது இவ்வாறு ஆசிரியர்தோறும் மாறுமோ? மாறுவது பொதுச்சொல்லேயாகும்.

இவற்றினும் வலிய சான்று, முன்பின் இயைபு. உடைமையை விற்று ஏழைகட்கு ஈயுமாறு பணிக்கப்பட்ட செல்வன் ஒருவன் துயருற்று நீங்குகின்றான். அதன்பின்னரே இவ்வுவமை பிறக்கின்றது. அதைக் கேட்டோர், அங்ஙனமாயின் மீட்புப் பெறுவார் யாவர் என வினவுகின்றனர். மாந்தர்க்கு இயலாதது இறைவனுக்கு இயலும் என்பதே அதற்கு விடை. குனிந்து புகத்தக்க வாயிலாயின் அவ்வினாவிற்கு இடமில்லை. இயலாமை பற்றிய விடைக்கோ பொருளே இல்லை. இயலாமையை நீக்கும் உரை, அவ்விடை நிற்கும் அடித்தளத்தையே பெயர்த்து விடுகின்றது.

ஆகவே இதனை உயர்வு நவிற்சியாகக் கோடலே தக்கது. கொசுவை வடிகட்டுவோர் ஒட்டகத்தை விழுங்குதலை மத்தேயு 23:24 கூறுகின்றது. சிறுமைக்கு எதிராக ஒட்டகத்தின் பெருமையை நிறுத்தும் வழக்கு ஆண்டும் காணப்படுகின்றது. பாபிலோனியத் தால்மூது நூலில் ஊசிக்காதில் யானை நுழைதல், நடவாத செயலுக்கு எடுத்துக்காட்டாக வருகின்றது. விலங்கு வேறாயினும் மரபு ஒன்றே.

இனி, இப்பகுதி செல்வர்க்கு வாயிலை முற்றும் அடைக்கின்றது என்பாரும் உளர். அதுவும் முழுமையான உரையன்று. லூக்கா தம் நூலின் அடுத்த இயலிலேயே சகேயு என்னும் செல்வனைக் காட்டுகின்றார். அவன் தன் உடைமையிற் பாதியை ஏழைகட்கு ஈவதாகவும், வஞ்சித்துக் கொண்டதை நான்மடங்காகத் திருப்புவதாகவும் உறுதி கூறுகின்றான். அவன் வீட்டிற்கு மீட்பு வந்ததாக இயேசு மொழிகின்றார். முன்னவன் பற்றினான், நீங்கினான். பின்னவன் ஈந்தான், புகுந்தான். மாந்தர்க்கு இயலாதது எங்ஙனம் இயன்றது என்பதனை லூக்கா இந்நிகழ்ச்சியால் விளக்கினார் எனலாம்.

ஊசியின் காதைப் பெரிதாக்குதலும் ஒட்டகத்தைச் சிறிதாக்குதலும் ஆகிய இரண்டும் ஒரே விருப்பின் விளைவுகள். மூலம் எவரைக் கலங்க வைக்கின்றதோ அவரை அவ்வுரைகள் ஆற்றுவிக்கின்றன; கேட்டோரின் கலக்கத்தையோ பொருளற்றதாக்குகின்றன. உரையாசிரியரின் கடமை இருளை நீக்குதல். மூலத்தின் கூர்மையை மழுக்குதல் அன்று. ஒட்டகம் ஒட்டகமாகவும் ஊசி ஊசியாகவும் நிற்கும்போதே இப்பகுதி தன் பொருளைத் தருகின்றது.