கண்ணாடிப் பெட்டிக்குள் எம்டன்

இராயபுரத்திலோ காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ வசிக்கும் வாசகர்கள் 'எம்டன்' என்ற சொல்லை வீட்டிலேயே கேட்டிருப்பீர்கள். "அவன் சரியான எம்டன்" என்றால், எதற்கும் அஞ்சாத, எவருக்கும் எளிதில் பிடிபடாத ஆள் என்று பொருள். 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்த ஜெர்மன் கப்பலின் பெயர் அது. துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா எண்ணெய்க் கம்பெனியின் இரண்டு தொட்டிகள் எரிந்தன. சுமார் மூன்றரை லட்சம் கேலன் எண்ணெய் அழிந்தது. துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பல் ஒன்றில் ஐந்து பேர் மாண்டனர்.

இக்கப்பலின் அளவு மாதிரிகள் இன்று பலவிதமாகக் கிடைக்கின்றன. ரெவெல் நிறுவனம் 1:350 அளவில் பிளாஸ்டிக் உதிரிப்பாகங்களாக வெளியிட்டிருக்கிறது. மரத்திலும் அட்டையிலும் தாமே செய்துகொள்பவர்களும் உண்டு. இத்தகைய மாதிரி எதைச் சரியாகச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். எம்டனில் 10.5 செ.மீ. பீரங்கிகள் பத்து இருந்தன. பத்தும் சேர்ந்தல்லவா நம் ஊரைச் சுட்டிருக்கும் என்று நினைப்போம். மாதிரியைக் கையிலெடுத்துப் பாருங்கள். முன்புறம் இரண்டு, பின்புறம் இரண்டு, பக்கத்திற்கு மூன்று என அவை அமைந்துள்ளன. முன்னும் பின்னும் உள்ளவை அருகருகே நிற்பதால் ஒரு பக்கமாகச் சுடும்போது ஐந்து பீரங்கிகளே பயன்படும். ஒரு பக்கம் முழுக்க எழுதி விளக்க வேண்டியதை மாதிரி ஒரு நொடியில் காட்டிவிடுகிறது.

ஆனால் எடைக்கு வரும்போது கதை வேறு. எம்டனின் நீளம் 118 மீட்டர். மாதிரியின் நீளம் சுமார் 34 செ.மீ. உண்மைக் கப்பலின் எடை 3,664 டன். மாதிரியின் எடை என்னவாக இருக்க வேண்டும்? 350-ஆல் வகுத்தால் போதாது. நீளம், அகலம், உயரம் மூன்றுமே சுருங்குவதால் 350-ஐ மூன்று முறை பெருக்கி வரும் 4,28,75,000-ஆல் வகுக்க வேண்டும். விடை சுமார் 85 கிராம். சிறிய நாட்டுக்கோழி முட்டைகள் இரண்டின் எடை! எடையைச் சரிபார்க்காமல் தண்ணீரில் விட்டால், மாதிரி உண்மைக் கப்பல் அமிழ்ந்த அளவுக்கு அமிழாது. மேலே தூக்கி நிற்கும், அல்லது அதிகமாக அமிழும்.

எம்டனைப் 'பெரும் போர்க்கப்பல்' என்று எழுதுவோர் தவறுவதும் இங்கேதான். அது ஓர் இலகு குரூசர். பிரிட்டனின் 'டிரெட்நாட்' தான் அக்காலத்துப் பெரும் போர்க்கப்பல். அதன் நீளம் 160 மீட்டர். அலமாரியில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி போலத் தோன்றும். எடையிலோ டிரெட்நாட் ஐந்து மடங்கு.

இந்தக் கண்மயக்கம் இன்னும் கடுமையாவது 'சிட்னி'யுடன் ஒப்பிடும்போது. 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளருகே எம்டனை முடித்த ஆஸ்திரேலியக் கப்பல் அது. அதன் பீரங்கி வாய் 15.2 செ.மீ. மாதிரி அளவில் எம்டனின் பீரங்கி வாய் 0.3 மில்லிமீட்டர், சிட்னியுடையது 0.43 மில்லிமீட்டர். எந்தக் கண்ணுக்கு இது தெரியும்? ஆனால் சிட்னியின் குண்டு எம்டனின் குண்டைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் எடையுள்ளது. எம்டனில் 130-க்கும் மேற்பட்டோர் இறந்தனர், சிட்னியில் நால்வர்.

ஓடும் மாதிரி செய்ய விரும்பும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. எம்டனின் உச்ச வேகம் 23.5 நாட், அதாவது நொடிக்கு 12 மீட்டர். இதை 350-ஆல் வகுத்து நொடிக்கு மூன்றரை செ.மீ. என ஓட்டினால் மாதிரி நத்தையாக ஊரும்; முன்னே அலையே எழாது. அலைகள் உண்மைக் கப்பலின் அலைகளை ஒத்திருக்க, வேகத்தை 350-இன் வர்க்கமூலமான 18.7-ஆல் வகுக்க வேண்டும். நொடிக்கு 65 செ.மீ. வரும். 1870-களில் இங்கிலாந்தின் டார்க்கேயில் தொட்டி கட்டி இவ்விதியைப் பயன்படுத்திக் காட்டியவர் வில்லியம் ஃப்ரூட். சென்னை ஐ.ஐ.டி.யின் இழுவைத் தொட்டியிலும் இவ்விதிப்படியே கப்பல் மாதிரிகளை இழுத்துப் பார்க்கிறார்கள்.

வண்ணத்தையும் கவனியுங்கள். வெள்ளை உடல், மஞ்சள் புகைபோக்கிகள் என்று அழகாகப் பூசிய மாதிரி சமாதான காலத்து எம்டன். சென்னைக்கு வந்தது சாம்பல் நிறக் கப்பல். அதற்குப் புகைபோக்கிகள் மூன்று. பிரிட்டிஷ் கப்பல் போலத் தோன்ற நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை வேண்டும்போது நிறுத்திக்கொண்டார்கள். (செண்பகராமன் பிள்ளை அக்கப்பலில் வந்தார் என்ற கதையை விளக்க அட்டையில் எழுதாதீர்கள். அப்போது அவர் ஐரோப்பாவில் இருந்தார்.)

உண்மையில் எம்டனின் கதையை நடத்தியது பீரங்கியல்ல, நிலக்கரி. பன்னிரண்டு கொதிகலன்களுக்கும் அதுவே தீனி. இந்துமாக் கடலில் ஒரு துறைமுகமும் அதற்குத் திறந்திருக்கவில்லை. ஆகவே 'மார்க்கோமானியா' என்ற நிலக்கரிக் கப்பலைக் கூடவே அழைத்துச் சென்றது. பிடித்த கப்பல்களின் கரியையும் எடுத்துக்கொண்டது. சிட்னியிடம் சிக்கிய காலையிலும் கரிக்கப்பலுக்காகத்தான் காத்திருந்தது. ஆனால் மாதிரியின் மேல்தளமோ துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருக்கிறது. உண்மையில் அங்கே கரி குவிந்து கிடந்த நாட்கள் பல.

வகுப்பறையில் இதைக் காட்சிக்கு வைக்கப் போகிறீர்களா? சென்னையைச் சுட்டபோது எம்டன் சுமார் 3,000 மீட்டர் தொலைவில் நின்றது. மாதிரி அளவில் அது எட்டரை மீட்டர். கப்பலை ஒரு மூலையில் வைத்து, எண்ணெய்த் தொட்டிகளை எதிர்ச் சுவரருகே வையுங்கள். மார்க்கோமானியாவையும் ஒரு கட்டைத் துண்டிலாவது செய்து பக்கத்தில் நிறுத்துங்கள். நான் பார்த்த எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் அதற்கு இடம் தரவில்லை.